மாப்பிள்ளை கையில் கட்டிய கடிகாரம்

பிப்ரவரி 9

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, பாப்பா, நான், ஸ்கூல் வேன் நான்கு பேரும் சௌக்கியம். வேனுக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல். உன் உடம்பு எப்படி? ஓட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை என்று அம்மா தடை போட்டதில் எனக்கு ஒரு லாபம், கையெழுத்து திருந்திவிட்டது. பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் முயன்று வாத்தியார்கள் கைவிட்ட காரியம் இது.

இப்போது சேதிக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து பாப்பா கல்யாணத்தைப் பேசி முடித்த அன்று நீ சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். கைகழுவும் இடத்தில் உன் வாட்ச் இருந்தது. "மறந்துட்டான், ஐயோ" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். "பெத்தவ நீ, ஆனா புரிஞ்சவன் நான். வாட்ச் கடையில வேலை பாக்கறவன் வாட்ச்சை மறப்பானா? மச்சானுக்கு நேருக்கு நேரா நீட்ட கூச்சம். அதான் சொல்லாம வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றேன். மாப்பிள்ளை அன்று பேச்சுக்கு நடுவில் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததை நானும் கவனித்தேன்.

முதலில் கையில் எடுத்தபோது, முகத்தைப் போட மறந்துவிட்டார்களோ என்று பயந்தேன். சக்கரம், சுருள், பல் எல்லாம் திறந்து கிடக்கிறது. பாப்பாதான் "அது ஸ்கெலட்டன்பா, அப்படித்தான் இருக்கும்" என்றாள். எலும்புக்கூட்டுக்கு இவ்வளவு அழகா! ஆசைக்கு ஒரு வாரம் கட்டிக்கொண்டு வேன் ஓட்டினேன். பிள்ளைகள் எல்லாம் என்னை முதலாளி என்று கூப்பிட்டார்கள். போன ஞாயிறு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "எங்க பையன் உங்களுக்கு வெச்சுட்டுப் போனது" என்று சொல்லி என் கையாலேயே அவர் கையில் கட்டிவிட்டேன். சம்பந்தி அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த வாட்ச்சில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. கடையில் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் மாப்பிள்ளையிடமிருந்து வாங்கி உடனே எனக்கு அனுப்பி வையுங்கள். தபாலில் வேண்டாம், யாராவது நம்பிக்கையானவர் வந்தால் கையில் கொடுத்து அனுப்புங்கள். எனக்கு இப்போது லீவு கிடைக்காது.

மற்றபடி எல்லாம் வழக்கம்போல. பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகன்

மார்ச் 1

அன்புள்ள பெரியவனுக்கு,

கடிதம் கண்டேன். அம்மாவின் கால் பரவாயில்லை, என்னைத் துரத்தும் அளவுக்குத் தேறியிருக்கிறது. நீ மட்டும் இளைத்துவிட்டாயோ என்று சந்தேகம், கடிதமே இளைத்துப் போய் வந்திருக்கிறதே.

வழக்கம்போல் சாப்பிட்டு முடித்ததும் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாப்பா முகம் சுண்டிவிட்டது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அவங்க வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தானே? ஒரு மாசம்கூட ஆகவில்லை. நான் போய் "மாப்பிள்ளை, கையைக் காட்டுங்க" என்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஏற்கெனவே சுமாரான முகம்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக நீ இருக்கும் ஊருக்கு அவ்வப்போது வருகிறவர்தானே. நேரே உன் கடைக்கே வரச் சொல்லிவிட்டால்? நீயே வேலையை முடித்துக் கையோடு கொடுத்துவிடலாம். அவருக்கும் உன் கடையைப் பார்த்த மாதிரி இருக்கும். இதைச் சொல்லலாம் என்று இரண்டு தரம் போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலையாக இருப்பார்.

உன் அப்பா

மார்ச் 8

அப்பா, இதைச் சத்தமாகப் படிக்காதீர்கள்.

அவரைக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். அந்த வாட்ச் என்னுடையது இல்லை. கடையுடையது.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குப் பேட்டரி கிடையாது. கை ஆடினால்தான் ஓடும். விற்பனைக்கு இருப்பதை ஆட்டி வைக்க எங்கள் கடையில் ஒரு பெட்டி இருந்தது, அது கெட்டுப் போய்விட்டது. அதனால் ஆளுக்கு ஒன்றாகக் கடை நேரத்தில் கட்டிக்கொண்டு நிற்போம். சாயங்காலம் கழற்றி லாக்கரில் வைத்துவிட வேண்டும். அந்த சனிக்கிழமை நான் கழற்றவில்லை. திங்கள் காலை யாரும் பார்ப்பதற்குள் வைத்துவிடலாம் என்று கட்டிக்கொண்டே ஊருக்கு வந்தேன். பாப்பாவுக்காகத்தான். அவர்கள் முன்னால் நாம் குறைந்து தெரியக் கூடாது என்று. பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் கை காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

கடையில் அது சர்வீசுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏப்ரல் முதல் வாரம் சரக்கு சரிபார்ப்பு. அதற்குள் வரவில்லை என்றால் வேலை மட்டும் போகாது, போலீசுக்கும் போவார்கள். உங்கள் வேனைப் போல இரண்டு வாங்கலாம் அந்த விலைக்கு.

போனில் சொல்ல முடியாது. என் அறையில் கூட இருப்பவன் அதே கடையில் வேலை செய்பவன். அம்மாவோ எது வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

மார்ச் 15

அன்புள்ள பெரியவனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ திட்டு.

சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமி, கடிதத்தைப் பிரித்து, நல்ல கணீர்க் குரலில், "அப்பா, இதைச் சத்தமாகப் படிக்காதீர்கள்" என்று படித்துவிட்டேன். கண்ணில் பட்டதை வாய் படித்துவிட்டது, மூளை பின்னாலேதான் வந்தது. அது எப்போதும் அடுத்த பஸ்ஸில் வருகிற மூளை. அம்மா தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றாள். பாப்பா என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து கடிதத்தை என் மடியில் போட்டாள். அம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாள்.

நீ ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. மறந்து வைத்துவிட்டுப் போனதை அன்பளிப்பு என்று புரிந்துகொண்ட புத்திசாலி நான். நீ எடுத்த தூரத்தைவிட நான் கொண்டுபோய்விட்ட தூரம் அதிகம்.

நான் வாங்கிவிடுகிறேன். நாளைக்கே போகிறேன். ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. மாப்பிள்ளை இப்போதெல்லாம் யார் போனையும் எடுப்பதில்லை. பாப்பா கூப்பிட்டாலும் "வேலையா இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்புகிறாராம். ஒன்றும் இருக்காது.

உன் அப்பா

மார்ச் 22

அண்ணா,

அம்மாவுக்கு ரெண்டு நாளாகத் தூக்கமில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அப்பா உனக்கு என்ன எழுதுகிறார் என்று தெரியாது, அதனால் நான் எழுதுகிறேன். அவர் மூன்று தடவை அவங்க வீட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். மூன்று தடவையும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டார். வந்து, "ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டு வேனைத் துடைக்கிறார். துடைத்துத் துடைத்து பெயின்ட் போய்விடும்போல இருக்கிறது.

நான் கட்டிக்கொள்ளப் போகிறவரும் என்னிடம் பேசுவதில்லை. ஒரு மாசமாக முகம் கொடுக்கவில்லை. வாட்ச் யாருடையது என்று எப்படியோ தெரிந்துவிட்டதா, இல்லை என்னைப் பிடிக்கவில்லையா, யாரிடம் கேட்பேன்? அப்பா இப்போது போய் வாட்ச்சைக் கேட்டால், பேச்சை முறித்துக்கொள்ள அவர்களுக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி. கேட்காவிட்டால் நீ உள்ளே. எதை வேண்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும். எனக்காகக் கட்டிக்கொண்டு வந்தேன் என்று இனிமேல் எழுதாதே. அவங்க வீட்டார் வந்த அன்றைக்கு நம் வேனைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னது யார்? அப்பா சரி என்று கொண்டுபோய் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தார். அதுவும் எனக்காகவா?

தங்கை

மார்ச் 26

அன்புள்ள பெரியவனுக்கு,

சாப்பிட்டாயா? இங்கே எல்லாரும் நலம்.

போனேன். ஆள் இல்லை. மறுபடி போகிறேன். வேனில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது, அதைக் கழுவவே ஒரு நாள் போய்விட்டது. கவலைப்படாதே.

உன் அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பாவின் கடிதமும் உங்கள் கடிதமும் ஒன்றாக வந்தன. உங்கள் கடிதத்தில் ஜோக்கே இல்லை. அதைப் பார்த்துத்தான் அதிகமாகப் பயந்தேன்.

நீங்கள் கேட்க வேண்டாம். தயவுசெய்து கேட்காதீர்கள். வாட்ச் அவரிடமே இருக்கட்டும். சரிபார்ப்பு நாளை, வெள்ளிக்கிழமை. அன்று காலையிலேயே மேனேஜரிடம் நானாகப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். எங்கே இருக்கிறது என்று கேட்டால் தொலைத்துவிட்டேன் என்பேன். மாப்பிள்ளை பெயர் வராது. என்ன ஆனாலும் என்னோடு போகட்டும்.

பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன் என்று.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன்

ஏப்ரல் 2

அன்புள்ள பெரியவனுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இந்தக் கடிதமும் வாட்ச்சும் ஒரே ஆள் கையில் உன்னிடம் வரும். மாப்பிள்ளைதான் கொண்டுவருகிறார்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு இன்று மத்தியானம் அவருடைய ஆபீஸ் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போனால்தானே "ஆள் இல்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்ப முடியும்? சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, நானே வரணும்னு இருந்தேன்" என்றார். சரி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வாட்ச் நின்னு போச்சு மாமா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சத்தியமா நான் கீழ போடல. ஆபீஸ்ல கட்டிட்டு வந்தா ஆளாளுக்கு விலை கேக்கறாங்க. அதனால டிராயர்ல வெச்சிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பாத்தா எல்லாச் சக்கரமும் நின்னு கெடக்குது. உள்ள எல்லாம் வேற தெரியுதா, எது ஒடஞ்சதுன்னு லென்ஸ் வெச்சுப் பாத்தேன். திருகவும் பயம், கடைக்குக் கொண்டு போகவும் பயம். உங்க பையன் ஆசையா குடுத்தது. எந்த மூஞ்சியோட போன் எடுப்பேன்?"

பெரியவனே, அந்த நேரத்தில் பொய் வெள்ளித்தட்டில் வந்து என் முன்னால் நின்றது. "அதனால என்ன மாப்பிள்ளை, குடுங்க, ரிப்பேர் பண்ணித் தரேன்" என்று சொன்னால் போதும். வாட்ச் உன் கைக்கு, பெண் அவர் வீட்டுக்கு. வாயைத் திறந்துவிட்டேன். ஆனால் அந்த மனுஷன் ஒரு மாசமாகச் செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்துகொண்டு திரிந்திருக்கிறார். கண் கலங்கி நிற்கிறார். அந்தப் பழியை அவர் தலையிலேயே வைத்துவிட்டு வாட்ச்சை மட்டும் வாங்கிக்கொண்டு வர எனக்குக் கை வரவில்லை.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

"அப்ப நான் ஒடைக்கலையா?" என்றுதான் முதலில் கேட்டார். கை ஆடினால்தான் ஓடும் என்றேன். மாடிக்குப் போய் டிராயரிலிருந்து எடுத்து வந்து கட்டிக்கொண்டு கையை நாலு தரம் வீசினார். ஓடியது. சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க பையன் கடையிலேருந்து எடுத்துட்டு வந்தாரா?" என்றார். நான் தலையாட்டினேன்.

படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசியில், "இன்னிக்கே பஸ் ஏறி நானே குடுத்துட்டு வந்துடறேன். ஆனா எங்க அப்பாகிட்ட நான் மறைக்க மாட்டேன் மாமா. நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உன் அப்பா

ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறேன்.

மாப்பிள்ளை வந்த பஸ் வழியில் பழுதாகி மதியம்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் காலையிலேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். கடையிலிருந்து கட்டிக்கொண்டு போனதையும், சர்வீஸ் என்று பொய் சொன்னதையும். தொலைந்துவிட்டது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சாயங்காலத்துக்குள்ள வாட்ச் இங்க இருக்கணும். இல்லன்னா ஸ்டேஷன்ல போய் தொலைஞ்சதுன்னு சொல்லு" என்றார். அவருடைய அறையிலேயே உட்கார வைத்தார். கேட்க வேண்டாம் என்று உங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடித் தடுப்பு வழியாக மாப்பிள்ளை உள்ளே வருவதைப் பார்த்தேன். கசங்கின சட்டை. என் அறைத் தோழன்தான் கவுன்டரில் நின்றான். "என்ன மாடல் பாக்கறீங்க சார்?" என்று கேட்டான். அவர் கையிலிருந்து கழற்றி, வெல்வெட் தட்டில் வைத்து, "இது உங்களுது" என்றார். மேனேஜர் லென்ஸ் வைத்து எண்ணைப் படித்தார். பின்னால் திருப்பிச் சக்கரத்தைப் பார்த்தார். பக்கிளில் ஒரு கீறல். உங்கள் ஸ்டியரிங் பட்டதாக இருக்கும்.

போலீஸ் இல்லை. வேலை இல்லை. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியே மாப்பிள்ளை டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் வந்தபோது மட்டும், "உங்கப்பா என்கிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தா எல்லாருக்கும் வேலை முடிஞ்சிருக்கும். சொல்லல" என்றார். அன்று வீட்டில் மச்சான் என்று கூப்பிட்டாரே, இப்போது அப்படிக் கூப்பிடவில்லை.

இங்கேயே வேறு வேலை தேடிக்கொள்கிறேன். இப்போதைக்கு ஊருக்கு வருவதாக இல்லை. நான் அங்கே இல்லாமல் இருப்பதே பாப்பாவுக்கு நல்லது.

மகன்

ஏப்ரல் 20

அன்புள்ள பெரியவனுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடு. காசு வேண்டுமானால் வெட்கப்படாமல் எழுது.

சம்பந்தி வீட்டுக்கு நேற்று நானும் அம்மாவும் போனோம். என்ன பேச வேண்டும் என்று வேனிலேயே நாலு தரம் ஒத்திகை பார்த்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒத்திகை வேனிலேயே தங்கிவிட்டது.

"எங்க பையன் கடை வாட்ச்சை எடுத்துட்டு வந்தான். நான் அதை உங்க பையனுக்குக் கட்டிவிட்டேன். அவன் செஞ்சது பாதி, நான் செஞ்சது பாதி" என்றேன். மாப்பிள்ளை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தி அம்மா, "அப்ப தம்பிக்கு வேலை?" என்றார். "போச்சுங்க" என்றேன். "அவனாவே போய் ஒத்துக்கிட்டான். வாட்ச் வரப்போகுதுன்னு அவனுக்குத் தெரியாது. தெரியாமலேதான் போய்ச் சொன்னான்" என்றாள் அம்மா. அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

சம்பந்தி அதிகம் பேசாதவர், உனக்குத் தெரியும். பேப்பரை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் கேட்டார்: "பையன் எங்க?"

"அங்கயேதான் இருக்கான். வர வெட்கப்படறான்."

"வரட்டும். அவன் வாயால கேட்டுட்டுத்தான் நான் தேதியைப் பத்திப் பேசுவேன்."

திட்டுவதற்குக் கூப்பிடுகிறாரா, மன்னிப்பதற்கா, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கா, எனக்குத் தெரியவில்லை. அவருடைய முகத்தையே பார்த்தேன். ஒன்றும் படிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் தடையைத் தானே எடுத்துவிட்டு, "போன் போடுங்க" என்றாள். போட்டேன். நீ எடுக்கவில்லை. ராத்திரி பாப்பா வந்து, "அண்ணன் வந்து, அதுக்கப்புறம் அவங்க வேண்டாம்னா, பரவால்லப்பா. வராமலே போயிடுச்சுன்னாதான் தாங்காது" என்றாள்.

உனக்கு உத்தரவு போட என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதிவிட்டேன்.

உன் அப்பா

ஏப்ரல் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகு வலிக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன். அம்மாவின் காலுக்கும் அதுவே ஆகும் என்றார் கடைக்காரர்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போவோம். பாப்பாவும் வருவதானால் வரட்டும், நான் சொல்வதை அவளும் கேட்கட்டும்.

என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். எடுத்தது ஏன் என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்பார். உங்களுக்கு நான் எழுதிய காரணத்தை அங்கே சொல்ல மாட்டேன். உண்மையான காரணம், வேனைத் தெருமுனையில் நிறுத்தச் சொன்ன அதே காரணம், உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக் கூடியது இல்லை. ஆனாலும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லப் போகிறேன்.

அங்கே நீங்கள் எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். பாதிப் பழியை வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். நான் சொல்லி முடித்ததும் அவர் என்ன சொன்னாலும் நின்றுகொண்டே கேட்டுக்கொள்கிறேன். உட்காரச் சொன்னால் உட்காருகிறேன்.

உங்கள் மகன்